ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியும்? நாம் பேசும்போது மூச்சுக்குள் நடப்பது என்ன?

கபடி மைதானத்தை ஒரு நிமிஷம் கண் முன்னாடி கொண்டு வாங்க. ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் போகிறார். வாய் ‘கபடி, கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டே இருக்கிறது. ஆளைத் தொட வேண்டும், பிடியிலிருந்து நழுவ வேண்டும், திரும்பி கோட்டுக்கு வர வேண்டும். இவ்வளவும் ஒரே மூச்சில்! இடையில் பாட்டு நின்றால் ரெய்டு அவ்வளவுதான். இன்றைய தொழில்முறை கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான் நேரம்.

இதில் ஒரு அறிவியல் ஒளிந்திருக்கிறது. பாடிக்கொண்டே இருப்பவரால் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. அதனால்தான் சடுகுடு விளையாட்டைக் கண்டுபிடித்தவர்கள், மூச்சு தீர்ந்ததைக் கண்டுபிடிக்கும் கருவியாகப் பேச்சையே வைத்துவிட்டார்கள்.

இதே கணக்கை இன்று மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகிறார்கள். ‘ஒரு மூச்சு இழுத்துட்டு, விடாம ஒன்று, இரண்டுன்னு எண்ணுங்க’ என்று டாக்டர் சொன்னால் அது விளையாட்டு இல்லை. நோயாளிக்கு வென்டிலேட்டர் தேவைப்படுமா என்பதற்கான முதல் துப்பு சில நேரங்களில் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கும்.

பேச்சுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? எந்தத் தசை என்ன வேலை செய்கிறது? வீட்டிலேயே எப்படி சோதித்துப் பார்க்கலாம்? எப்போது பயப்பட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பேச்சுக்கு எரிபொருள் காற்றுதான்

கழுத்தின் முன்பக்கம் கையை வைத்து ‘ஆ’ என்று சொல்லிப் பாருங்க. ஒரு அதிர்வு தெரியும். அது குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களின் அதிர்வு. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை இவை அதிரும்.

இந்த நாண்கள் தானாக ஆடுவதில்லை. கீழே நுரையீரலிலிருந்து வரும் காற்று முட்டித் தள்ளும்போதுதான் திறந்து மூடி அதிர்கின்றன. நாதஸ்வரத்தின் சீவாளி மாதிரி. ஊதினால்தான் சத்தம். அந்தச் சத்தத்தை நாக்கு, உதடு, பல், அண்ணம், மூக்கு எல்லாம் சேர்ந்து எழுத்துகளாக மாற்றுகின்றன.

இது தமிழுக்குப் புதிய செய்தி இல்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் என்ற பகுதி, எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைத்தான் பேசுகிறது. காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழ்ப் பகுதியிலிருந்து கிளம்பி, நெஞ்சு, கழுத்து, தலை ஆகிய இடங்களைத் தொட்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் செயலால் எழுத்தாகிறது என்கிறது அது. காற்று இருப்பது நுரையீரலில்தான். ஆனால் அதைத் தள்ளுவதில் வயிற்றுத் தசைகளுக்குப் பெரிய பங்கு இருப்பதை இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன.

எந்தெந்தத் தசைகள் வேலை செய்கின்றன?

நுரையீரலுக்கென்று சொந்தமாக இழுக்கும் தசை கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் கூடு விரிந்தால் அதுவும் விரியும், கூடு சுருங்கினால் அதுவும் சுருங்கும். கூட்டை இயக்கும் தசைகள் மூன்று குழுக்கள்.

முதலாவது உதரவிதானம். டயாஃப்ரம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருக்கும் தசை. இது சுருங்கும்போது கீழே இறங்கித் தட்டையாகும், காற்று உள்ளே வரும். வயிறு லேசாக முன்னே தள்ளுவது இதனால்தான். ஓய்வாக மூச்சு விடும்போது பெரும்பாலான வேலையைச் செய்வது இந்த ஒரு தசைதான்.

இரண்டாவது, விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு அடுக்காக இருக்கும் தசைகள். வெளி அடுக்கு விலா எலும்புகளை மேலே தூக்கி மார்பை விரிக்கிறது. உள் அடுக்கின் பெரும்பகுதி அவற்றைக் கீழே இழுத்துக் காற்றை வெளியேற்றுகிறது.

மூன்றாவது, வயிற்றுத் தசைகள். இவை இறுகினால் வயிற்றுக்குள் இருப்பவை மேலே தள்ளப்படும், உதரவிதானமும் மேலே எழும்பும், காற்று வேகமாக வெளியேறும். இருமும்போது, தும்மும்போது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடும்போது வயிறு இறுகுவதைக் கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சு, பேசும்போது வேறு மூச்சு

ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்று சுமார் அரை லிட்டர். ஒரு முழுச் சுற்றில் உள்ளிழுக்க ஏறக்குறைய 40 சதவீத நேரம், வெளிவிட 60 சதவீத நேரம். வெளிவிட எந்தத் தசையும் பெரிதாக உழைக்க வேண்டாம். இழுத்த ரப்பர் தானே சுருங்குவது போல நுரையீரல் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

பேச ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மூச்சை இழுக்க 10 சதவீத நேரம்தான். மீதி 90 சதவீத நேரம் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிட்டுப் பேசுகிறோம். வாக்கியத்தின் நடுவே ‘டக்’கென்று ஒரு மூச்சு, அடுத்து நீளமான வெளிமூச்சு.

எங்கே மூச்சு இழுப்பது என்பதையும் நம்மை அறியாமலே மூளை திட்டமிடுகிறது. பெரும்பாலும் வாக்கியம் முடியும் இடம், சொற்றொடர் முடியும் இடம் பார்த்துத்தான் இழுக்கிறோம். ‘நாளைக்கு ஊருக்குப்’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி ‘போறேன்’ என்று சொன்னால், கேட்பவருக்கு உடனே ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

சும்மா இருக்கும்போது மூச்சைப் பார்த்துக்கொள்வது மூளைத்தண்டு. தூங்கும்போதும் அது வேலை செய்யும். பேசும்போது மூளையின் மேல்பகுதி கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறது. மாடிப்படி ஏறிக்கொண்டே போனில் பேசும்போது திணறுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? உடம்பு ஆக்சிஜன் கேட்கிறது, வாய் காற்று கேட்கிறது. இரண்டுக்கும் இருப்பது ஒரே காற்றுதான்.

கிணற்று வாளியும் பேச்சு மூச்சும்

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. காற்றை வெளியே விட்டால் பேச்சு வரும், சரி. அப்படியானால் ஆழமாக மூச்சு இழுத்துப் பேச ஆரம்பித்ததும் முதல் சொல் பெரும் சத்தத்துடனும், கடைசிச் சொல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் கேட்க வேண்டுமே? ஊதிய பலூனை விட்டால் அப்படித்தானே ஆகிறது?

நமக்கு ஏன் அப்படி ஆவதில்லை என்றால், மூச்சை இழுத்த தசைகள் உடனே ஓய்வெடுப்பதில்லை. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை ஒரேயடியாக விட்டுவிட மாட்டோம் இல்லையா? இழுக்கிற அதே கையால் பிடித்துப் பிடித்து இறக்குவோம். அதே வேலையைத்தான் மூச்சை இழுக்கும் தசைகள் செய்கின்றன. நுரையீரல் சுருங்க முயலும்போது அதைப் பிடித்து நிதானமாக இறக்குகின்றன. காற்று குறைந்து, தானாகச் சுருங்கும் வேகம் போதாமல் போகும்போது, வெளித்தள்ளும் தசைகள் களத்தில் இறங்குகின்றன. மூச்சின் கடைசிப் பகுதியில் வயிற்றுத் தசைகளின் பிடி இன்னும் கூடுகிறது.

1959-ல் டிரேப்பர், பீட்டர் லேடிஃபோகட், விட்டரிட்ஜ் ஆகிய மூவர் தசைகளின் மின் துடிப்பை அளந்து இந்த மாற்றத்தைப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பு, ஒவ்வொரு அசைக்கும் மார்புத் தசை ஒரு முறை துடிக்கிறது என்று ஸ்டெட்சன் என்ற அறிஞர் சொல்லியிருந்தார். அந்தக் கருத்து பல ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் இருந்தது. அளந்து பார்த்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. தசைகள் அசைக்கு அசை துடிக்கவில்லை, முழு மூச்சுக்கும் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கவே உழைக்கின்றன.

நிமிர்ந்த நிலையில் பேசும்போது வயிற்றுத் தசைகள் மூச்சின் கடைசியில் மட்டுமல்ல, பேச்சு முழுவதுமே லேசான பிடியில் இருக்கின்றன என்பதை 1970-களில் ஹிக்ஸன் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. உதரவிதானம் கிண்ண வடிவத்தில் தயாராக இருந்தால்தான் அடுத்த மூச்சை ‘டக்’கென்று இழுக்க முடியும்.

ஒரு ஸ்ட்ராவும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்

பேசுவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? சாதாரணப் பேச்சுக்குக் குரல் நாண்களுக்குக் கீழே சுமார் 5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் போதும். அது எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு உயரமான டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கோங்க. ஒரு ஸ்ட்ராவில் நுனியிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் பேனாவால் கோடு போடுங்க. கோடு வரை தண்ணீருக்குள் விட்டு மெதுவாக ஊதுங்க. குமிழி வர ஆரம்பித்தால், நீங்கள் 5 சென்டிமீட்டர் அழுத்தத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 5 விநாடி தொடர்ந்து குமிழி வந்தால் சாதாரணப் பேச்சுக்குத் தேவையான மூச்சு பலம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் பயன்படுத்தும் ‘ஐந்துக்கு ஐந்து’ சோதனை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பேச்சுக்குத் தேவைப்படும் அழுத்தம் ரொம்பக் குறைவு. பலத்தைவிட, அந்தச் சிறிய அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் கட்டுப்பாடுதான் முக்கியம்.

இன்னொரு எளிய சோதனை: வசதியாக உட்கார்ந்து ஆழமாக மூச்சு இழுத்து ‘ஆ...’ என்று நிறுத்தாமல் சொல்லுங்க. ஆரோக்கியமான பெரியவர்கள் பொதுவாக 15 முதல் 25 விநாடி வரை சொல்வார்கள். 10 விநாடியைக்கூட எட்ட முடியவில்லை என்றால் மூச்சில் அல்லது குரல் நாண்களில் பிரச்சினை இருக்கலாம்.

எது என்று எப்படித் தெரியும்? பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று எவ்வளவு நேரம் சொல்ல முடிகிறது என்று பாருங்க. பிறகு அதே இடத்தில் நாக்கை வைத்து, தேனீ ரீங்காரம் போலக் குரல் சேர்த்துச் சொல்லுங்க. முதலாவதில் குரல் நாண்களுக்கு வேலை இல்லை, இரண்டாவதில் உண்டு. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சீறலின் நேரம் ரீங்கார நேரத்தைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் சந்தேகம் குரல் நாண்கள் பக்கம் திரும்பும். இரண்டுமே குறைவாக இருந்தால் மூச்சைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் ஏன் எண்ணச் சொல்கிறார்?

இப்போது முதலில் சொன்ன எண்ணிக்கைக்கு வருவோம். ஒரே மூச்சில், விநாடிக்கு இரண்டு எண் என்ற வேகத்தில் எண்ணினால் ஆரோக்கியமானவர்கள் 50-ஐ ஒட்டி வருவார்கள். 15, 20-ஐத் தாண்டவே முடியாமல் போனால் மூச்சுத் தசைகள் பலவீனமாகின்றன என்று டாக்டர்கள் உஷாராவார்கள்.

கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோயில் கால் பலவீனம் மேலே மேலே ஏறிக்கொண்டு வரும். இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயிலும் இதே ஆபத்து உண்டு. காலையில் 30 வரை எண்ணியவர் மாலையில் 18-லேயே நின்றுவிட்டால், எந்த மெஷினும் இல்லாமலே ஆபத்து தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் எண்ணும்போது ‘இருபத்தொன்று, இருபத்திரண்டு’ என்று சொற்கள் நீளம். அதனால் வேகம் மாறும், எண்ணிக்கையும் மாறும். அடுத்தவரோடு ஒப்பிடுவதைவிட, அதே ஆள், அதே மொழி, அதே வேகத்தில் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரி. இது வீட்டில் இருந்தபடி நோயைத் தீர்மானிக்கும் சோதனையும் இல்லை.

சூப்பர்மேன் நடிகர் ஏன் விட்டுவிட்டுப் பேசினார்?

சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்தார். கழுத்தின் மேல்பகுதியில் முதல் இரண்டு எலும்புகள் இருக்கும் இடத்தில் தண்டுவடம் சேதமானது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தில் மூன்று, நான்கு, ஐந்தாவது தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்படுகிறது. காயம் அதற்கும் மேலே என்பதால், மூளையின் கட்டளை உதரவிதானத்துக்குப் போகவில்லை. வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு இல்லை என்ற நிலை.

ஆனாலும் அடுத்த ஆண்டே, 1996-ல், ஆஸ்கர் மேடையில் அவர் பேசினார். எப்படி? மெஷின் தள்ளும் காற்றில் ஒரு பகுதி குரல் நாண்கள் வழியாக மேலே போகும்போது அதைப் பிடித்துப் பேசினார். நாம் காற்றை வெளிவிடும்போது பேசுகிறோம், வென்டிலேட்டரில் இருப்பவர் மெஷின் காற்றைத் தள்ளும்போது பேசுகிறார். எப்போது இடைவெளி விடுவது என்பதை முடிவு செய்வது மெஷின்தான். 2003-ல் அவருக்கு உதரவிதானத்தை மின் துடிப்பால் இயக்கும் கருவி பொருத்தப்பட்டது.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் கதை வேறு. 1985-ல் நிமோனியா வந்து உயிருக்குப் போராடியபோது அவருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் டியூப் வைக்கப்பட்டது. ஏற்கனவே நரம்பு நோயால் தெளிவற்றுப் போயிருந்த பேச்சு அதோடு முழுவதும் நின்றது. அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் குரல் வந்தது.

கழுத்தில் டியூப் வைத்தால் ஏன் பேச்சு நிற்கிறது? அந்தத் துளை குரல் நாண்களுக்குக் கீழே இருக்கிறது. காற்று மேலே போகாமல் துளை வழியாகவே வெளியேறிவிடுகிறது. நாண்களும் நாக்கும் நன்றாக இருந்தாலும் காற்று வந்து சேரவில்லையே! ஐ.சி.யு.வில் இருக்கும் உறவினர் வாயை அசைத்தும் சத்தம் வராததைப் பார்த்து ‘பேச்சே போயிடுச்சு’ என்று பதறுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலைமை தேறிய பலருக்கு, காற்றை டியூப் வழியாக உள்ளே மட்டும் விட்டு, வெளியேறும்போது மேலே திருப்பிவிடும் ஒருவழி வால்வைப் பொருத்திப் பேச வைக்க முடியும். இப்படி ஒரு வால்வை 1980-களில் உருவாக்கியவர் டேவிட் மியூர். அவரே தசைச் சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த இளைஞர்!

குரல் சீக்கிரம் களைத்துப் போகிறதா?

ஆசிரியர்கள், கண்டக்டர்கள், மேடைப் பேச்சாளர்கள், வியாபாரிகள் பலர் ‘சாயங்காலம் ஆனா தொண்டை கட்டிக்குது’ என்பார்கள். பெரும்பாலும் இவர்கள் காற்று தீர்ந்த பிறகும் வாக்கியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். காற்றின் அழுத்தம் போதாதபோது தொண்டையை இறுக்கிப் பேசுகிறார்கள். சுமை முழுவதும் குரல் நாண்கள் மேல் விழுகிறது. இதைத் தவிர்க்க:

வாக்கியங்களைச் சின்னதாக உடையுங்க. காற்று தீரும் முன்பே, சொற்றொடர் முடியும் இடத்தில் மூச்சு எடுங்க.

கூன் போட்டு உட்கார்ந்தால் விலாவும் உதரவிதானமும் விரிய இடம் இருக்காது. நிமிர்ந்து இருங்க.

மூச்சு இழுக்கும்போது தோள்கள் மேலே ஏறினால் கழுத்துத் தசைகளை இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். விலாவின் கீழ்ப்பகுதியும் வயிறும் விரியட்டும்.

பெரிய வகுப்பறை, சத்தமான கடை என்றால் மைக் பயன்படுத்துவதில் வெட்கப்படாதீங்க.

பார்க்கின்சன் நோயாளிகளின் குரல் மெலிந்துபோவது வழக்கம். அவர்களுக்கு வாரம் 4 நாள் வீதம் 4 வாரம், சத்தமாகப் பேசவே பயிற்சி கொடுக்கும் ஒரு முறை 1980-களிலிருந்து இருக்கிறது. பேச்சு சிகிச்சை நிபுணரிடம் கேளுங்க.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நடைப்பயிற்சியில் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உடற்பயிற்சி. ஓடும்போது சில சொற்களுக்கு மேல் வரவில்லை என்றால் அது கடுமையான பயிற்சி. இதெல்லாம் இயல்பு.

ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவர் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்றால் அது இயல்பு இல்லை. ஆஸ்துமா தீவிரமாகிவிட்டது என்பதற்கு டாக்டர்கள் பார்க்கும் முக்கிய அடையாளங்களில் இதுவும் ஒன்று. இரண்டு சொல், மூச்சு, மறுபடி இரண்டு சொல், மூச்சு என்று பேசினால் தாமதிக்காதீங்க. டாக்டர் ஏற்கனவே சொன்ன இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-க்கு போன் பண்ணுங்க. உதடு நீலம் பாய்ந்தாலோ, மயக்கம், குழப்பம் இருந்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. கை கால் பலவீனம் ஏறிக்கொண்டே வந்து, கூடவே பேச்சும் சுருங்கினால் அதுவும் அவசரம்தான்.

மெதுவாக வரும் அறிகுறிகளையும் விட்டுவிடாதீங்க. மாதக்கணக்கில் குரல் மெலிந்துகொண்டே போவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இருமலில் பலம் இல்லாமல் போவது எல்லாம் உதரவிதானம் பலவீனமாவதன் அடையாளமாக இருக்கலாம். நுரையீரல் அல்லது நரம்பியல் டாக்டரைப் பாருங்க.

வீட்டில் பெரியவர்களிடம் ‘மூச்சு வாங்குதா?’ என்று கேட்டால் பலர் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதோடு, அதை எத்தனை மூச்சில் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்க. அந்த ‘ஒண்ணுமில்ல’வுக்கு நடுவிலேயே மூச்சு வாங்கினால், உடனே கிளம்ப வேண்டியதுதான்.